பற்றும் பாதுகாப்பும்: தமிழ்ப் பொற்கொல்லர் பட்டறையில் பிடிகருவிகளின் வரலாறு

முன்னுரை

தமிழர் அணிகலன்களைப் பற்றிய ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. அணிகளின் பெயர்கள், வகைகள், அவற்றை அணிந்தோரின் சமூக நிலை, இலக்கியங்களும் சிற்பங்களும் காட்டும் சான்றுகள் ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயினும் ஓர் அணி உருவாகும்பொழுது அதனை அசையாமல் பற்றி நிறுத்திய கருவிகள் ஆய்வாளர் கவனத்தைப் பெரிதும் பெறவில்லை. உளியும் சுத்தியலும் பேசப்படுகின்றன. அவை தம் வேலையைச் செய்வதற்கு இடங்கொடுத்த குறடும் சாமணமும் அரக்குக் கட்டையும் பேசப்படுவதில்லை.

செய்பொருளைப் பற்றி நிறுத்தும் இக்கருவிகள் அனைத்தையும் இக்கட்டுரையில் பிடிகருவிகள் எனக் குறிப்பிடுகிறோம். இவற்றுள் எதனை எப்பணிக்குத் தேர்ந்தெடுப்பது என்பது ஒரு தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமன்று. பொன்னைப் பற்றியும் தீயைப் பற்றியும் மணிக்கற்களைப் பற்றியும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு அத்தேர்வில் அடங்கியுள்ளது. பிடிகருவியைத் தேரும்பொழுது பொற்கொல்லர் முதன்மையாகக் கருதியது பிடியின் வலிமையன்று. எதற்குத் தீங்கு நேரக்கூடாது என்பதே அவர்தம் முதல் வினாவாக இருந்துள்ளது. வேலை செய்யும் கை, மென்மையான பொன், எளிதில் உடையும் கல், சிந்தும் துகள் ஆகிய நான்கையும் ஒருங்கே காக்க வேண்டிய தேவையே பிடிகருவிகளின் வரலாற்றை வடிவமைத்தது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல் நின்றது, கட்டை மறைந்தது

பிடிகருவிகளின் வரலாறு எழுதப்படாமைக்குச் சான்றுகளின் இயல்பே முதற் காரணம் எனலாம். தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குலோங் தொம் என்னும் ஊரில் கிடைத்த சிறிய கல் ஒன்று தமிழியல் ஆய்வாளர் பலரும் அறிந்ததாகும். அதில் தமிழ்ப் பிராமி எழுத்துகளில் 'பெரும்பதன் கல்' எனப் பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல், பொன்னின் மாற்றறிய உதவும் உரைகல்லாகும். பதன் என்பது பொற்கொல்லரைக் குறிக்கும் பத்தன் என்னும் சொல்லே என்பர் ஆய்வாளர். பத்தர் என்னும் வழக்கு இன்றும் நம்மிடையே உள்ளது.

மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதியில் தமிழ்ப் பொற்கொல்லர் இருந்தமைக்குக் கிடைக்கும் பழஞ்சான்று ஓர் அணிகலன் அன்று, ஒரு கருவி என்பது இங்கு நோக்கத்தக்கது. அக்கருவிக்கு உரியவர் வெறும் உரைகல்லோடு மட்டும் கடல் கடந்து வந்திருக்க இயலாது. ஊதுகுழலும் சிறு பட்டடையும் குறடும் அவருடன் வந்திருத்தல் வேண்டும். ஆனால் கல் நின்றது, மற்றவை மறைந்தன. இரும்பு துருவேறி அழியும். மரம் மக்கிப் போகும். அரக்கு மீண்டும் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தப்படும். எனவே பிடிகருவிகளின் வரலாற்றை அகழாய்வில் மட்டும் தேடுவது போதாது. சொற்களிலும் கல்வெட்டுகளிலும் இன்றைய பட்டறை வழக்கிலும் அதனைத் தேட வேண்டியுள்ளது.

கொடிறும் குறடும்

தமிழில் பிடிகருவிகளுக்கான சொல்வளம் குறிப்பிடத்தக்கது. கொடிறு, குறடு, பற்றுக்குறடு, இடுக்கி, சாமணம் என்பன அவற்றுட் சில. சாமணம் என்பது சாவணம் எனவும் வழங்கும். இவை ஒரே பொருளின் வெவ்வேறு பெயர்கள் அல்ல. கம்பியை வலிந்து இழுக்கும் கருவி குறடு. கனன்ற பொருளை எடுக்கும் நீண்ட அலகுடையது இடுக்கி. சிறு மணியையும் பொன் துணுக்கையும் விரல் நுனியின் மென்மையோடு எடுப்பது சாமணம்.

இவற்றுள் கொடிறு என்னும் சொல் தனிக் கவனத்திற்குரியது. அதற்குக் கன்னம், தாடை என்னும் பொருளும் உண்டு, குறடு என்னும் பொருளும் உண்டு. திருக்குறளின் கயமை அதிகாரத்தில் இச்சொல் உடலுறுப்பைக் குறிக்கிறது. மாணிக்கவாசகர் திருவாசகத்தின் போற்றித் திருவகவலில், பற்றியதை விடாத இயல்புக்குக் கொடிற்றையும் பேதையையும் இணைத்து உவமை காட்டுகிறார். அங்கு அது கருவியாகும். தாடை கவ்வுவது போல் கருவியும் கவ்வுகிறது என்னும் ஒப்புமையே இவ்விரு பொருளையும் இணைக்கிறது எனக் கருதலாம்.

இவ்வொப்புமை தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1678ஆம் ஆண்டு முதல் இலண்டனில் பகுதி பகுதியாக வெளிவந்த தம் கைத்தொழில் நூலில் ஜோசப் மாக்சன் கைக்கவ்விகளை விளக்குகிறார். கவ்வியின் இரு அலகுகளுக்கு அவர் ஆளும் ஆங்கிலச் சொல்லும் தாடையையே குறிப்பதாகும். தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே உறுப்பினின்று ஒரே கருவிக்குப் பெயர் கண்டுள்ளன. பிடிகருவி மனித உடலின் நீட்சியாகவே உணரப்பட்டது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

உடலே கருவியாதல்

மரபுவழிப் பொற்கொல்லர் தரையில் அமர்ந்து வேலை செய்தார். அவருக்கு முன்னே சிறு பட்டடையும், அருகே கரி நிரம்பிய குமட்டியடுப்பும் இருந்தன. இரு கைகளுக்கும் வேலை இருந்தபொழுது பிடிக்கும் பணியைக் கால்கள் ஏற்றன. கால் விரல்களின் இடுக்கில் கம்பியின் ஒரு முனையைப் பற்றிக்கொண்டு மறுமுனையை முறுக்குவதும், இரு பாதங்களுக்கு இடையே கட்டையை நிறுத்துவதும் இந்தியக் கைவினைஞரிடம் பரவலாகக் காணப்பட்ட முறைகள். மேலைநாட்டுப் பார்வையாளர் பலர் இதனை வியப்போடு குறித்துள்ளனர்.

இதனை வறுமையின் அடையாளமாகக் கொள்வது பொருந்தாது. கால் விரலின் பிடிக்கு ஒரு சிறப்புண்டு. பொன் நழுவுகிறதா, நெளிகிறதா என்பதை அப்பிடி உடனே உணரும், உடனே தளரவும் செய்யும். இரும்புக் கவ்விக்கு அவ்வுணர்வு இல்லை. எனினும் வெப்பத்தையும் கூர்மையையும் கால் தாங்காது. நீண்ட நேரம் ஒரே அழுத்தத்தில் நிற்கவும் அதனால் இயலாது. இக்குறைகளை ஈடுசெய்த பொருளே அரக்கு.

அரக்கின் பிடி

அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினே அரக்காகும். தூய்மை செய்த அரக்கு ஏறத்தாழ 75 முதல் 80 பாகை செல்சியசில் உருகும், ஆறியதும் இறுகும். இதனுடன் செங்கல் தூளைக் கலந்து கட்டையின் தலைப்பில் பற்றவைத்து, இளகிய நிலையில் நகையை அதில் பதிப்பர். ஆறிய பின் நகை அசையாது நிற்கும். வேலை முடிந்ததும் மீண்டும் சூடுகாட்டி எடுத்துவிடலாம்.

இம்முறையின் நுட்பம் எளிதில் புலப்படாதது. திருகினாலோ ஆப்பினாலோ இறுக்கும் கவ்வி, பொருளை இரண்டு இடங்களில் மட்டுமே அழுத்துகிறது. அவ்விரு இடங்களும் அழுத்தம் முழுவதையும் தாங்க வேண்டும். தூய பொன்னின் கடினம் மோஸ் அளவையில் ஏறத்தாழ 2.5 மட்டுமே. 916 எனக் கடைகளில் முத்திரையிடப்படும் 22 காரட் பொன்னும் மென்மையானதே. மெல்லிய பொன் தகடு இரும்பின் அழுத்தத்தில் நெளிந்துவிடும். அரக்கோ பொருளின் அடிப்பரப்பு முழுவதையும் ஏந்திக்கொள்கிறது. உளி இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் அடியில் தாங்கல் இருப்பதால் தகடு குழியாது, கிழியாது. எவ்வளவு ஒழுங்கற்ற வடிவமாயினும் அரக்கு அதற்கேற்ப வடிவெடுக்கும். நகாசு வேலையும் கல் பதித்தலும் இப்பிடியாலேயே இயன்றன.

அரக்கின் பழமைக்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்துக் கி.பி. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், இறைவனுக்கு அளிக்கப்பட்ட நகைகளை ஒவ்வொன்றாக எடையிட்டுக் கூறுகின்றன. பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் பதித்த அணிகள் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. அவ்வெடைக் குறிப்புகளில் நகையினுள் இருந்த அரக்கும் கணக்கிடப்பட்டுள்ளது. அங்குக் குறிக்கப்படுவது அணியினுள் நிலையாகத் தங்கிக் கல்லைத் தாங்கிய அரக்கு. பட்டறையில் வேலைக்காலத்து மட்டும் பிடிக்கும் அரக்கு எந்தக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. ஒரே பொருள் நகைக்குள் நின்றபொழுது வரலாற்றில் பதிந்தது, கட்டைமேல் நின்றபொழுது பதியாது போயிற்று.

ஐரோப்பாவிலும் இதற்கு இணையான முறை இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியோபிலசு என்னும் துறவி இலத்தீனில் எழுதிய கைவினை நூல், கீலையும் மெழுகையும் அரைத்த ஓட்டுத் தூளோடு கலந்து பிடிமானக் கலவை செய்யும் முறையைக் கூறுகிறது. பிசினும் சுட்ட மண்ணின் தூளும் சேரும் இக்கலவை இரு நாகரிகங்களிலும் காணப்படுவது நோக்கத்தக்கது. பிசின் மட்டும் இருப்பின் அடிக்கும்பொழுது நொறுங்கும் அல்லது இளகும். தூள் அதற்கு உடலையும் உறுதியையும் தருகிறது.

அரக்குக்கும் இடர் உண்டு. உருகிய அரக்கு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். அதனால் நகையைப் பதிக்கும் விரலை நீரில் நனைத்துக்கொள்வர். மேலும் அரக்கில் நிற்கும் நகையில் பற்றவைப்பு வேலை செய்ய இயலாது. நெருப்புக்கு வேறு பிடி தேவைப்பட்டது.

நெருப்பருகே பிடித்தல்

பொன்னோடு பொன்னை இணைக்கும் உலோகத் துணுக்குக்குப் பற்றாசு என்று பெயர். பற்று என்னும் அடியினின்று பிறந்த சொல் இது. வெங்காரம் தடவி, பொடி வைத்து, ஊதுகுழலால் சுடரை ஊதி இணைப்பர். மறைபொருள் வைத்துப் பேசுவதைப் பொடிவைத்து ஊதுதல் என்று நாம் வழங்குவது இப்பட்டறைச் செயலினின்று வந்ததே. சிறிதளவு வைத்து மெல்ல ஊதினால் பெரும் விளைவு உண்டாகும் என்பது அதன் கருத்தாகும்.

இவ்விடத்தில் பிடியின் சிக்கல் முற்றிலும் மாறுகிறது. வலிமையான பிடியே இங்குத் தீங்காகும். தடித்த அலகுடைய இடுக்கி, நகைக்குச் செல்ல வேண்டிய வெப்பத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். பற்றாசு உருகி ஓடாது. அதனை ஓடச்செய்ய மேலும் ஊதினால் மெல்லிய பகுதி உருகிச் சிதையும். ஆகவே நெருப்பருகே பிடிக்கும் கருவி மெல்லிய அலகுடையதாகவும், இணைப்பிடத்தினின்று விலகிப் பிடிப்பதாகவும் இருத்தல் வேண்டும். சில வேளைகளில் இடுக்கியை விடுத்து மெல்லிய இரும்புக் கம்பியால் துண்டுகளைக் கட்டிவிடுவர். பொன் சூட்டில் விரிவதற்கு இடம்விட்டுக் கட்ட வேண்டும், இறுகக் கட்டினால் கம்பி பொன்னில் பதிந்து வடுவுண்டாக்கும்.

இணைத்தபின் நகையைப் புளிக்கரைசலிலோ நீர்த்த அமிலத்திலோ இட்டு மாசு நீக்குவர். அதற்குமுன் இரும்புக் கம்பியை அகற்றிவிட வேண்டும். இரும்பு உள்ளே நுழைந்தால் கரைசலில் உள்ள செம்பு பொன்மேல் படிந்து அதனைச் செந்நிறமாக்கிவிடும். எனவே கரைசலிலிருந்து எடுப்பதற்குச் செம்பாலோ மரத்தாலோ ஆன இடுக்கியையே தேர்வர். எந்த உலோகம் எந்த நீரில் நுழையலாம் என்னும் அறிவு வேதியியல் பாடநூல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பட்டறையில் வழங்கியது.

வலிந்து பற்றுவதற்கு இடமளித்த பணி ஒன்றுண்டு. அது கம்பி இழுத்தல். கம்பியச்சின் துளை வழியே கம்பியை இழுக்கும் குறட்டின் அலகுகளில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். அப்பற்கள் பொன்னைக் கடித்து வடுவாக்கும். ஆயினும் கடிபட்ட முனை பின்னர் வெட்டி உருக்கப்படும். வடு எங்கு ஏற்கத்தக்கது, எங்கு ஏற்கத்தகாதது என்னும் பகுப்பே கருவித் தேர்வின் அடிப்படை என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஆப்பும் திருகும்

ஐரோப்பியப் பட்டறையில் பொற்கொல்லர் மேசையருகே அமர்ந்தார். கால்களின் பிடி அங்கு இல்லை. அவ்விடத்தை மேசைமுனையில் பொருத்திய மரமுளையும் கவ்விகளும் நிரப்பின. திருகால் இறுகும் இரும்புக் கவ்விகள் 16ஆம் நூற்றாண்டளவில் அங்கு வழக்கிலிருந்தன. பட்டறைகளில் இன்று வைஸ் என வழங்குவது அதன் வழிவந்ததே.

நகைத்தொழிலுக்கென்றே அமைந்தது மோதிரக் கவ்வி. இரண்டு கடின மரத் துண்டுகள் நடுவே ஒரு வளையத்தால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு முனையில் மோதிரத்தை வைத்து மறுமுனையில் ஆப்பைச் செருகினால் அலகுகள் இறுகும். மோதிரத்தைக் கவ்வும் உட்புறத்தில் தோல் ஒட்டப்பட்டிருக்கும். மரமும் தோலும் பொன்னைக் கீறுவதில்லை. ஆப்பினை விரலால் அழுத்தும் அளவே பெரும்பாலும் போதுமானது. மிகையாக அடித்தால் வளையம் நீள்வட்டமாகிவிடும். மரகதம் போன்ற எளிதில் வெடிக்கும் கற்களும், பவளம், முத்து போன்ற மென்மையானவையும் பதித்த மோதிரத்தைக் கல்லின்மேல் அழுத்தம் விழாதவாறு வளையத்தில் மட்டுமே பற்ற வேண்டும்.

ஐரோப்பிய மேசையின் அரைவட்ட வெட்டின் கீழே தோல் விரிக்கப்பட்டிருக்கும். அராவும்பொழுது உதிரும் பொன்துகள் அதில் விழும். தமிழ்ப் பட்டறையிலும் இக்கவலை இருந்தது. பொற்கொல்லர் தெருக் குப்பையை அரித்துத் துகள் எடுப்போருக்கு அரிப்புக்காரர் என்று பெயர் வழங்கியமை இதனை உணர்த்தும். தாயின் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று பழமொழி பழிக்கிறது. அப்பழியின் பெரும்பகுதி, கை மாறும்பொழுதும் அராவும்பொழுதும் இயல்பாக நேரும் இழப்பை மக்கள் களவாகக் கருதியதால் எழுந்தது எனக் கொள்ள இடமுண்டு. செய்கூலி, சேதாரம் என நகைக்கடைகளில் நாம் இன்றும் கேட்கும் சொற்களில் இரண்டாவது, இவ்விழப்பின் கணக்கே. அசையாமல் பிடித்து ஒரே இடத்தில் அராவினால் துகள் ஒரே இடத்தில் விழும். நல்ல பிடி, பொற்கொல்லரின் விரலை மட்டுமன்றி அவர்தம் நற்பெயரையும் காத்தது.

மின்பொறி வந்த பின்

மின்விசை பட்டறைக்குள் நுழைந்ததும் பாதுகாப்பின் பொருள் மாறியது. முன்னர்ப் பிடிகருவி எதிர்கொண்டது கைத்தொழிலாளியின் தசையாற்றல் மட்டுமே. கை தளர்ந்தால் கருவியும் நின்றுவிடும். மின்பொறியோ மனிதன் தளர்ந்தாலும் நிற்பதில்லை. மெருகேற்றும் சக்கரத்தில் சங்கிலி சிக்கினால் கண்ணிமைக்கும் பொழுதில் அது சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அதனை விரலில் சுற்றிப் பிடித்திருந்தால் விரலையும் இழுத்துச் செல்லும். ஆதலின் சங்கிலியைப் பலகைமேல் கிடத்திச் சிறு பகுதியை மட்டும் காட்டுவதும், மோதிரத்தினுள் விரலை நுழைத்துப் பிடியாதிருப்பதும் விதிகளாயின. துளையிடும் பொறியின் கீழ்த் தகட்டை விரலால் பிடித்தல் ஆகாது. துளைக்கருவி சிக்கினால் தகடு கத்தியாகச் சுழலும்.

பற்றியதை விடாமையே பழங்கருவியின் பெருமையாக இருந்தது. இடர் நேரும்பொழுது உடனே விடத்தக்க பிடியையும் மின்பொறி கோரியது. அண்மைக்காலத்தில் வந்த லேசர் பற்றவைப்புப் பொறி மற்றுமொரு திருப்பத்தை உண்டாக்கியுள்ளது. அதன் வெப்பம் ஒரு புள்ளியளவில் நிற்பதால், கல் பதித்த நகையையும் விரல்களாலேயே பிடித்து வேலை செய்ய இயலுகிறது. அரக்கின் இடத்தில் சூட்டில் இளகி ஆறியபின் இறுகும் நெகிழிப் பிடிமானங்கள் வந்துள்ளன. அவற்றின் செயல்முறை அரக்கின் செயல்முறையே.

நம் நாட்டு நிலை

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலை ஆகிய இடங்களில் நகைக்கடைகள் ஒளிர்கின்றன. அக்கடைகளுக்குப் பின்னிருந்த பட்டறைகளின் வரலாறு அவ்வாறு ஒளிரவில்லை. மலேசியாவில் இந்திய நகைத்தொழில், முடிதிருத்தல், துணிவணிகம் ஆகிய துறைகளுக்கு 2009ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டுத் தொழிலாளரைச் சேர்ப்பது நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. 2023 செப்டம்பரில் இம்மூன்று துறைகளுக்கும் 7,500 பேருக்கு இடமளிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. உள்நாட்டு இளையோர் இத்தொழிலை நாடாமையும், பொறிகளால் செய்யப்பட்ட நகைகளின் வரவும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. தொழிலாளர் எண்ணிக்கை பேசப்படுகிறது. அவர்களோடு மறையும் அறிவும் சொல்லும் பேசப்படுவதில்லை.

தமிழ்ப்பள்ளி மாணவர் தொழில்நுட்பப் பாடத்தில் கவ்விகளைப் பற்றிப் படிக்கின்றனர். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அதே கருவிகளை ரகும், பெங்காப்பிட் என மலாயில் அறிகின்றனர். அது தேவையே. ஆனால் குறடு, சாமணம், இடுக்கி என்பவற்றை அகராதிச் சொற்களாக மட்டும் அறிந்து, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை அறியாதிருப்பது இழப்பாகும். பொருளைக் கையில் எடுத்துப் பாராதவரை கொடிற்றின் உவமையை மாணவர் உணர்வது எளிதன்று. திருவாசகம் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பொற்கொல்லரின் குறடு ஒரு சிறந்த துணைக்கருவியாகும்.

முடிவுரை

தமிழ்ப் பொற்கொல்லர் பட்டறையின் பிடிகருவிகள் கால்விரல், அரக்கு, இடுக்கி, ஆப்பு, திருகு எனப் பலவாக விரிந்துள்ளன. ஒன்று வந்து மற்றொன்றை முற்றாக ஒழித்ததில்லை. ஒவ்வொன்றும் தான் எதனைக் காக்கவல்லதோ அதற்குரிய பணியில் நிலைத்தது. மென்தகட்டுக்கு அரக்கு, தீக்கு மெல்லிய அலகு, மோதிரத்திற்குத் தோலிட்ட மரம், கம்பிக்குப் பல்லுள்ள குறடு என்னும் பகுப்பு, பொருளின் இயல்பறிந்து செய்யப்பட்டதாகும்.

ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கைவினைப் பொருள்களோடு கைவினைஞரின் கருவிகளுக்கும் முறைகளுக்கும் இடமளித்தார். நம் நாட்டுப் பட்டறைகளைப் பற்றி அத்தகைய பதிவு ஒன்று செய்யப்பட வேண்டும். கருவியின் படம், அளவு, செய்பொருள், அதனைக் கையாளுவோர் வழங்கும் பெயர், எப்பணிக்கு ஆகாது என அவர் கூறும் காரணம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு கருவிக்கும் குறித்தல் போதுமானது. இந்திய ஆய்வியல் மாணவரின் இளங்கலை ஆய்வேட்டிற்கு இது பொருந்தும் களமாகும். பெரும்பதனின் கல்லில் பெயர் பொறிக்கப்பட்டதால் அவர் நமக்குக் கிடைத்தார். இன்றுள்ள பத்தர்களின் குறடுகளில் எவரும் பெயர் பொறிக்கவில்லை. அவர்கள் பட்டறையில் இருக்கும்பொழுதே நாம் சென்று கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.